விண்டோஸ் செயலி எழுதும்போது வரும் தடங்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் விண்டோஸ் கணினிக்கான செயலிகளைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுகிறார்கள். மளிகைக் கடைக்கு ரசீது, ஆலயத்துக்கு அர்ச்சனைச் சீட்டு, செம்பனைக் குலை வாங்கும் நிலையத்துக்கு எடைக் கணக்கு, தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் புத்தகப் பதிவு என எல்லாமே உள்ளூரில் ஒருவர் நாள்தோறும் நம்பிப் பயன்படுத்தும் வேலைகள். தோட்டத்துக்குள் இணையம் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், உலாவியை நம்பாமல் கணினியிலேயே ஓடும் செயலியாக எழுதச் சொல்கிறேன்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விஷுவல் ஸ்டூடியோவில் எழுதுபவர்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே வற்புறுத்துகிறேன்: நிரலில் கைவைக்கும் முன், தடங்கல் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். நிரல் இயந்திர மொழிக்கு மாறும் கம்பைல் கட்டத்திலா, மாறிய துண்டுகள் ஒரே செயலியாக இணையும் லிங்க் கட்டத்திலா, செயலி தொடங்கும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? இது தெரியாமல் வரிகளை மாற்றிக்கொண்டே போனால், பிழை மறைந்தாலும் ஏன் மறைந்தது என்று தெரியாது. அப்படி மறைந்த பிழை வாடிக்கையாளர் முன்னால்தான் மறுபடி தலைகாட்டும்.

ஐயா, ஒரு வரிதான் மாற்றினேன், நாற்பது பிழை காட்டுகிறது. எதை முதலில் திருத்துவது?

முதல் பிழையை மட்டும். கம்பைலர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. ஓரிடத்தில் தடுமாறினால், அதற்குப் பிறகு வருவதையெல்லாம் தவறாகப் புரிந்துகொண்டு குறை சொல்லும். முதல் பிழையைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். பெரும்பாலும் மற்றவையும் போய்விடும்.

பிழைப் பட்டியலைப் பார்க்காமல் ‘அவுட்புட்’ பகுதியைப் பாருங்கள். பட்டியல் வரிசை மாறிக் காட்டலாம். அவுட்புட்டில் நடந்த வரிசையிலேயே இருக்கும். பிழை காட்டும் வரியில் குற்றம் எதுவும் தெரியவில்லையா? அதற்கு முந்தைய வரியையும், அந்தக் கோப்பு கடைசியாகச் சேர்த்துக்கொண்ட ஹெடர் கோப்பின் முடிவையும் பாருங்கள். வகுப்பு (கிளாஸ்) அறிவிப்பின் கடைசியில் அரைப்புள்ளி விடுபட்டால், பழி அடுத்த கோப்பின் மேல் விழும்.

கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் 2019 என்ற எண்ணோடு ஒரு பிழை வருகிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லையே?

அது லிங்கர் சொல்லும் பிழை. ஒரு ஃபங்ஷன் இருப்பதாக நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள், அதன் உடலை எங்கும் காணவில்லை என்று பொருள். அந்த மூலக்கோப்பு புராஜெக்டில் சேர்ந்திருக்கிறதா, தேவையான நூலகக் கோப்பு லிங்கர் பட்டியலில் இருக்கிறதா, அறிவிப்பிலும் உடலிலும் அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) ஒரே வகையா என்று இந்த வரிசையில் பாருங்கள். சி மொழியில் எழுதிய நூலகத்தைச் சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து அழைத்தால், அறிவிப்பைச் சி மொழிக்குரியது என்று குறிக்க வேண்டும்.

காலையில் நன்றாக இருந்தது. இப்போது 1168 என்று சொல்லி, செயலிக் கோப்பை எழுத முடியவில்லை என்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

கணினியை அணைக்க வேண்டியதில்லை. உங்கள் செயலியின் பழைய ஓட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓடும் கோப்பின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தினால் போதும்.

சாளரத்தை மூடிய பிறகும் அது ஏன் ஓடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சாளரம் அழியும்போது விண்டோஸ் ‘டெஸ்ட்ராய்’ செய்தியை அனுப்பும். அப்போது நீங்கள் ‘போஸ்ட்குவிட்மெசேஜ்’ அழைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியும் சாளரம் போய்விடும், செய்திகளை வாங்கும் சுற்று மட்டும் காலமெல்லாம் காத்துக்கொண்டிருக்கும். முடியாத பின்னணி த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலை இழை) ஒன்றுக்காகச் செயலி காத்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். கடைக்காரரின் கணினியிலும் இப்படியே நடக்கும்: அவர் பத்து முறை திறந்து மூடினால் பத்து ஓட்டங்கள் நினைவகத்தில் கிடக்கும். உங்கள் வசதிக்காக மட்டும் அல்ல, அவருக்காகவும் இதைத் திருத்துங்கள்.

என் மடிக்கணினியில் ஓடுகிறது. கடையில் போட்டால் ‘வி.சி. ரன்டைம் 140 டி.எல்.எல் இல்லை’ என்கிறது. அந்தக் கோப்பை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். டி.எல்.எல் என்பது செயலி ஓடும்போது துணைக்கு ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பு. முன்பின் தெரியாத தளங்களில் தனியாகக் கிடைக்கும் டி.எல்.எல் கோப்பை ஒரு கடைக்காரரின் கணினியில் போடவே போடாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவருடைய கணக்கு முழுவதும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது.

விஷுவல் ஸ்டூடியோ உங்கள் கணினியில் இருப்பதால் ரன்டைம் நூலகமும் அங்கே இருக்கிறது, கடையில் இல்லை. மைக்ரோசாஃப்ட் தரும் ‘ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ தொகுப்பை அங்கே நிறுவுங்கள். அல்லது புராஜெக்ட் அமைப்பில் ரன்டைம் நூலகத்தைச் செயலிக்குள்ளேயே சேரும்படி மாற்றுங்கள். ஒரே கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுபோகும் சிறிய செயலிக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். கோப்பின் பெயரில் 140-க்குப் பின்னால் ‘டி’ என்று ஓர் எழுத்து இருந்தால், நீங்கள் கொண்டுபோனது பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பு. பிறருக்குக் கொடுப்பதற்கான ரிலீஸ் பதிப்பைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

டி.எல்.எல் எல்லாம் இருக்கிறது. ஆனால் ‘செயலியைச் சரியாகத் தொடங்க முடியவில்லை’ என்று 7பி-யில் முடியும் ஓர் எண் வருகிறது.

பெரும்பாலும் 32 பிட் செயலி 64 பிட் டி.எல்.எல்லை ஏற்றப் பார்க்கிறது, அல்லது அதற்கு நேர்மாறாக. இரண்டையும் ஒரே வகையில் கட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலியே ஒரு டி.எல்.எல்லை ஏற்றும்போது இதே தவறு நடந்தால் பிழை எண் 193 ஆக வரும்.

விஷுவல் ஸ்டூடியோவுக்குள் ஓட்டினால் விலைப்பட்டியல் கோப்பைத் திறக்கிறது. டெஸ்க்டாப் ஐகானைத் தட்டினால் கோப்பு இல்லை என்கிறது. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது!

வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், விண்டோஸ் கோப்பைச் ‘செயல்படும் கோப்புறை’யில் தேடும். விஷுவல் ஸ்டூடியோவில் அது புராஜெக்ட் கோப்புறை. குறுக்குவழி ஐகானில் வேறு எதுவாகவும் இருக்கலாம். செயலி எங்கே இருக்கிறது என்பதை ‘கெட்மாட்யூல்ஃபைல்நேம்’ மூலம் கேட்டு, அங்கிருந்து முழுப் பாதையையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்கு மட்டும்தான் இந்த வழி. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுதப் பார்த்தால் சாதாரணப் பயனருக்கு அனுமதி மறுக்கப்படும். மேனிஃபெஸ்ட் (செயலியின் தேவைகளை விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய வகை 32 பிட் செயலி என்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடும். பிறகு ‘சேமித்தது எங்கே?’ என்று எல்லாரும் தேடிக்கொண்டிருப்பீர்கள். மாறும் தரவுகளைப் பயனரின் சொந்தக் கோப்புறையான ‘லோக்கல் ஆப் டேட்டா’வில் வையுங்கள்.

ஒரு கோரிக்கை தோற்றவுடன் ‘கெட்லாஸ்ட்எரர்’ என்ன எண் தருகிறது என்று பதிவு செய்யுங்கள்: 2 என்றால் கோப்பு இல்லை, 5 என்றால் அனுமதி இல்லை, 32 என்றால் வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். தோற்ற அடுத்த நொடியே கேட்டுவிட வேண்டும். இடையில் இன்னொரு விண்டோஸ் ஃபங்ஷனை அழைத்தால் அந்த எண் மாறிவிடலாம்.

திரையில் தமிழுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறி வருகிறது. தமிழ் எழுத்துரு போட்டால் சரியாகுமா, அண்ணா?

ஆகாது. கேள்விக்குறி வந்தால் எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது. எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. கட்டம் கட்டமாக வந்தால்தான் எழுத்துரு இல்லை என்று பொருள். பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாக வந்தால், யூனிகோடைச் சேமிக்கும் யு.டி.எஃப் 8 முறையின் பைட்டுகளை வேறொரு குறியாக்கம் என்று எண்ணி யாரோ படித்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸில் எழுத்துகளைக் கையாளும் பெரும்பாலான ஃபங்ஷன்களுக்கு ‘ஏ’ என்று முடியும் பழைய வடிவமும் ‘டபிள்யூ’ என்று முடியும் யூனிகோடு வடிவமும் உண்டு. பழைய வடிவம் கணினியின் குறியாக்கப் பக்கத்தை நம்புகிறது. தமிழுக்கென்று அப்படி ஒரு பக்கத்தை விண்டோஸ் எப்போதுமே தரவில்லை. நம் மொழி அங்கே யூனிகோடு வழியாக மட்டுமே நுழைந்தது. ஆகவே ‘டபிள்யூ’ வடிவங்களையே பயன்படுத்துங்கள். கோப்பிலிருந்து வரும் யு.டி.எஃப் 8 எழுத்தை ‘மல்டிபைட்டுவைட்சார்’ மூலம், குறியாக்க எண் 65001 என்று சொல்லி மாற்றுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், செயலியின் மேனிஃபெஸ்ட்டில் யு.டி.எஃப் 8-ஐயே குறியாக்கப் பக்கமாக அறிவிக்கவும் முடியும்.

மூலநிரலில் நேரடியாகத் தமிழ் எழுதுபவர்கள் கம்பைலருக்கு ‘யு.டி.எஃப் 8’ விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள். இங்கே சீன மொழி அமைப்பில் உள்ள கணினிகளும் நிறைய உண்டு. அவற்றில் அதே மூலக்கோப்பு 4819 என்ற எச்சரிக்கையோடு சிதைந்துபோகும். எழுத்துருவுக்கு ‘நிர்மலா யு.ஐ’ போதும், விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. பழைய ‘லதா’ விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

திரையில் தமிழ் சரி. ஆலயத்தின் ரசீது அச்சுப்பொறியில் மட்டும் குப்பையாக வருகிறது.

எழுத்துகளை நேரடியாக அந்தச் சிறிய அச்சுப்பொறிக்கு அனுப்புகிறீர்கள். அதற்குள் இருக்கும் எழுத்துத் தொகுப்பில் தமிழ் இருக்காது. விண்டோஸ் டிரைவர் வழியாக, திரையில் வரைவதுபோல வரைந்து படமாக அனுப்புங்கள். வேகம் சற்றுக் குறையும். ஆனாலும் பக்தர் கையில் கொடுக்கும் சீட்டில் அவர் பெயரும் நட்சத்திரமும் தமிழில் இருக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பெயருக்கு இருபது எழுத்து என்று இடம் ஒதுக்கினேன். சில பெயர்களின் கடைசியில் புள்ளி போய்விடுகிறது, சில பெயர்களில் கொம்பு போய்விடுகிறது.

கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றல்ல. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யு.டி.எஃப் 8-இல் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆக 15 பைட். இருபதாவது குறியில் கத்தி வைத்தால், அது ஓர் எழுத்தின் நடுவில் விழலாம். பைட் எண்ணிக்கையில் வெட்டினால் இன்னும் மோசம். கடைசிக் குறியே உடைந்துவிடும்.

சேமிக்கும் இடத்தில் நீளத்தைத் தாராளமாக விடுங்கள். காட்டும் இடத்தில் எழுத்தை எண்ணாமல் அகலத்தை அளந்து பாருங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டும் இடத்துக்கு அடுத்த குறி உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த எழுத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஒரு மூதாட்டியின் பெயர் ‘மாரியம்மாள்’ என்று இருக்க, சீட்டில் ‘மாரியம்மாள’ என்று வந்தால் அது சிறிய குறை அல்ல.

‘பொன்னம்மாள்’ என்ற பெயர் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினால் இல்லை என்கிறது!

‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. ‘போ’, ‘பௌ’ ஆகியவற்றுக்கும் அப்படியே. திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு வேறு. பெயரைத் தட்டச்சு செய்த மென்பொருள் வேறாக இருந்தால் இது நேரும். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் ‘நார்மலைஸ்ஸ்ட்ரிங்’ ஃபங்ஷனில் ‘சி’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய தரவையும் ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

மொத்தத் தொகையில் ஒரு சென் குறைகிறது. கூட்டல் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பணத்தைத் தசம எண்ணாக வைத்திருப்பீர்கள். இரும எண்முறையில் 0.1 முழுமையாக அடங்காது. 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1999-க்குச் சற்றுக் குறைவாக வரும். முழு எண்ணாக வெட்டினால் 1998. எல்லாத் தொகையையும் சென்னில், முழு எண்ணாக வையுங்கள். காட்டும்போது மட்டும் ரிங்கிட்டாக மாற்றுங்கள்.

கடைக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கம் செலுத்தும்போது மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 7.62 ரிங்கிட் 7.60 ஆகும், 7.63, 7.65 ஆகும், 7.68, 7.70 ஆகும். முழு எண்ணில் இது எளிது: 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியை விட்டு, 5-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் செய்யாதீர்கள். கடைசி மொத்தத்துக்கு மட்டும். அந்த வேறுபாட்டை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் மாலையில் கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகாது.

எடைமேடையிலிருந்து எண் வரும்வரை சாளரம் வெளுத்துப்போய் ‘பதில் இல்லை’ என்கிறது. கிராணி (அலுவலக எழுத்தர்) அதை மூடிவிடுகிறார்.

அவர் மேல் தவறில்லை. ஒரு சாளரம் ஏறக்குறைய 5 நொடிகள் தன் செய்திகளை எடுத்துப் பார்க்காவிட்டால் விண்டோஸ் அதைச் செயலற்றதாகக் கருதுகிறது. ஒற்றை ஆள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் அவரே சந்தைக்குப் போய்விட்டால் வாசலில் நிற்பவரை யார் கவனிப்பது? அப்படித்தான், திரையைக் கவனிக்கும் த்ரெட்டையே சீரியல் போர்ட்டில் காக்கவைத்திருக்கிறீர்கள். படிக்கும் வேலையைத் தனி த்ரெட்டிடம் கொடுங்கள். எடை கிடைத்ததும் அது ‘போஸ்ட்மெசேஜ்’ மூலம் சாளரத்துக்குத் தெரிவிக்கட்டும். பெட்டிகளிலும் பொத்தான்களிலும் அந்தத் த்ரெட் நேரடியாகக் கைவைக்க வேண்டாம். ‘சென்ட்மெசேஜ்’ பயன்படுத்தினால், சாளரம் த்ரெட் முடியக் காத்திருக்கும் நேரத்தில் த்ரெட் சாளரத்தின் பதிலுக்குக் காத்திருக்கும். இரண்டும் அப்படியே நின்றுவிடும். மேலே 1168 பிழையில் சொன்ன, சாகாமல் கிடக்கும் ஓட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே எடைமேடை, யு.எஸ்.பி கேபிளை வேறு துளையில் செருகியதும் ‘பிழை 2’ என்கிறது. போர்ட் டிவைஸ் மேனேஜரில் இருக்கிறதே?

புதிய துளையில் செருகினால் போர்ட் எண் மாறலாம். 9 வரையுள்ள எண்களை வெறும் பெயரால் திறக்கலாம். 10-உம் அதற்கு மேலும் என்றால், பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு சேர்க்க வேண்டும். எல்லா எண்களுக்கும் இப்படியே எழுதிவிட்டால் தொல்லை இல்லை. போர்ட் எண்ணை நிரலுக்குள் பதிக்காமல், கிராணியே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள். ‘பிழை 5’ வந்தால் வேறொரு செயலி, ஒருவேளை உங்கள் செயலியின் பழைய ஓட்டமே, போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

திறந்த பிறகு ‘செட்காம்டைம்அவுட்ஸ்’ மூலம் கால எல்லை வையுங்கள். ஒருமுறை படித்தால் ஒரு முழு வரி வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 12480 என்ற எடையில் 124 மட்டும் முதலில் வந்து, மீதி அடுத்த படிப்பில் வரலாம். வரி முடியும் குறி வரும்வரை சேர்த்து வைத்து, பிறகே எண்ணாக மாற்றுங்கள். இதை அக்கறையாகச் செய்யுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் சிறுதோட்டக்காரருக்குப் பணம் போகிறது.

டீபக்கில் ஓடுகிறது, ரிலீஸில் விழுகிறது. டீபக் பதிப்பையே கொடுத்துவிடலாமா?

கூடாது. டி.எல்.எல் கேள்வியில் சொன்ன காரணம் ஒன்று; பிழை உள்ளேயே இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். பெரும்பாலும் மதிப்பு கொடுக்காத மாறி ஒன்று இருக்கும். டீபக் பதிப்பு இத்தகைய இடங்களை நிலையான மதிப்புகளால் நிரப்புகிறது. ரிலீஸ் பதிப்பில் முன்பு அங்கே கிடந்தது எதுவோ அதுவே இருக்கும். டீபக்கரில் -858993460 என்ற எண்ணைப் பார்த்தால், அது மதிப்பு கொடுக்காத உள்மாறி. -842150451 என்றால் ஒதுக்கிவிட்டு நிரப்பாத நினைவகம். -572662307 என்றால் விடுவித்த பிறகும் தொடுகிறீர்கள். இந்த மூன்றையும் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

எச்சரிக்கை அளவை 4-க்கு உயர்த்தி, வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீருங்கள். நிபந்தனையைச் சோதிக்கும் ‘அசர்ட்’டுக்குள் உண்மையான வேலை எதையும் எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், ரிலீஸில் அந்த வரியே இருக்காது. பிறகு விஷுவல் ஸ்டூடியோ 2019-இன் 16.9 பதிப்பிலிருந்து கிடைக்கும் ‘அட்ரஸ் சானிடைசர்’ போட்டு ஓட்டுங்கள். எல்லை தாண்டி எழுதும் வரியையே அது காட்டிக்கொடுக்கும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, பிற்பகலில் பொத்தான்கள் கறுத்துப்போகின்றன. மூடித் திறந்தால் சரி.

வரைகலைப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு செயலிக்கு இயல்பாக 10,000 ஜி.டி.ஐ பொருள்கள் (தூரிகை, பேனா போன்ற வரையும் கருவிகள்) மட்டுமே அனுமதி. ஒவ்வொரு முறை வரையும்போதும் ஒரு தூரிகையை உருவாக்கி விட்டுவிட்டால், அந்த எல்லையை எட்டியதும் புதியது கிடைக்காது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் ஜி.டி.ஐ பத்தியைச் சேர்த்து, சாளரத்தை இழுத்து அசைத்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அதுதான். பழைய தூரிகையை மறுபடி தேர்ந்தெடுத்த பிறகே உங்களுடையதை அழியுங்கள்.

தோட்ட அலுவலகத்தில் மட்டும் செயலி விழுகிறது. அங்கே இணையம் இல்லை, என் கணினியில் எவ்வளவு முயன்றாலும் விழவில்லை.

விழுந்த நொடியின் நினைவகப் படத்தை எடுத்து வாருங்கள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் பிழை அறிக்கைப் பகுதியில் ‘லோக்கல் டம்ப்ஸ்’ என்ற சாவியை நிர்வாகி அனுமதியோடு உருவாக்கினால், ஒவ்வொரு வீழ்ச்சியும் ‘லோக்கல் ஆப் டேட்டா’வுக்குள் ‘கிராஷ்டம்ப்ஸ்’ கோப்புறையில் சேமிக்கப்படும். இயல்பாகக் கடைசி 10 மட்டும் இருக்கும். பென்டிரைவில் எடுத்து வந்து விஷுவல் ஸ்டூடியோவில் திறந்தால் விழுந்த வரி தெரியும். அதற்குள் வாடிக்கையாளர்களின் பெயர்களும் கணக்குகளும் இருக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

வரி தெரிய வேண்டும் என்றால், நீங்கள் கொடுத்த அதே ரிலீஸோடு பிறந்த, வரி விவரங்கள் அடங்கிய பி.டி.பி கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். மூலநிரல் மாறாவிட்டாலும் மறுபடி கட்டிய பதிப்பின் பி.டி.பி பொருந்தாது. எனவே யாருக்காவது ஒரு பதிப்பைக் கொடுக்கும் நாளிலேயே செயலி, பி.டி.பி, மூலநிரல் மூன்றையும் ஒரே கோப்புறையில் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கணக்குக் கோப்பு காலியாகிவிடுகிறது. இதற்கு நிரலில் வழி உண்டா?

உண்டு. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதாதீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதி, ‘ஃபிளஷ்ஃபைல்பஃபர்ஸ்’ அழைத்து வட்டில் இறங்கச் செய்து, மூடி, பிறகு ‘ரீப்ளேஸ்ஃபைல்’ மூலம் இடம் மாற்றுங்கள். ‘ரீப்ளேஸ்ஃபைல்’ அழைப்பில் காப்புப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் முந்தைய கோப்பும் அந்தப் பெயரில் தங்கிவிடும்.

பதிவுகள் பெருகிவிட்டால் எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள், பாதியில் நின்ற பதிவை அடுத்த முறை திறக்கும்போது அதுவே பின்வாங்கிக்கொள்ளும். அந்தக் கோப்பைப் பகிர்ந்த வலைக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து எழுதாதீர்கள். அங்கே பூட்டு நம்பத்தக்கது அல்ல. ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: சேமிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் செயலியைக் கொன்று, மறுபடி திறந்து, கடைசியாக முடிந்த பதிவுவரை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கிராணியையும் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யலாம்.